மழலையர் பள்ளிப் பணியாளர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி: எத்தனை காலத்துக்கு ஒருமுறை?

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரை அடுத்த ஒரு கடற்கரைக் கிராமத்தில் மழலையர் பள்ளி நடத்தும் சகோதரி ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவருடைய பள்ளியில் இரண்டு ஆசிரியைகளும் ஓர் ஆயாவும் ஒரு வேன் ஓட்டுநரும் வேலை பார்க்கிறார்கள். ஆசிரியைகள் இருவரும் 2022-இல் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். ஆயா சென்ற ஆண்டுதான் சேர்ந்தார். அந்தச் சான்றிதழ் எத்தனை ஆண்டுக்குச் செல்லும், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் கால் வைக்கும் எல்லாப் பணியாளருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழுநாள் பயிற்சி, இடையில் மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம், புதிதாகச் சேருபவருக்கு அவர் குழந்தைகளோடு தனியே விடப்படும் முன்பே ஓர் அரைநாள். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரையுள்ள கடலோர மையங்களில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராகவும், அதன் பிறகு பயிற்றுநராகவும் இருந்தவள் என்ற முறையில் இந்தக் கணக்குக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை விளக்கினால்தான், உங்கள் பள்ளிக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நாம் போக்சோ என்று சொல்லும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2020 மார்ச் மாதம் வெளியான விதிகளில் 3-ஆவது விதி, பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள் உட்படக் குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும், ஆசிரியரானாலும் மற்றவரானாலும், நிரந்தரமானாலும் ஒப்பந்தமானாலும், குழந்தையோடு தொடர்புக்கு வரும் ஒவ்வொரு பணியாளரையும் காலமுறைப்படி காவல்துறைச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்றும், குழந்தைப் பாதுகாப்பு பற்றி அவர்களுக்குக் காலமுறைப்படி பயிற்சி நடத்த வேண்டும் என்றும் சொல்கிறது. காலமுறைப்படி என்பதோடு விதி நின்றுவிடுகிறது. எத்தனை மாதம், எத்தனை ஆண்டு என்ற எண் அதில் இல்லை. எண் இல்லை என்பதைச் சலுகையாக எடுத்துக்கொண்டு, ஒருமுறை நடத்தியதோடு கோப்பை மூடிவிடும் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். எண்ணைச் சட்டம் தராதபோது, ஏதேனும் நடந்த பிறகு கடைசிப் பயிற்சி எப்போது நடந்தது, ஏன் இத்தனை இடைவெளி என்று கேட்கப்படும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நிர்வாகிதான்.

அதைவிட முக்கியமானது அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு. ஒரு குழந்தைக்கு இத்தகைய குற்றம் நடந்திருப்பதாக அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும், அவர் யாராக இருந்தாலும், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது எந்த நடவடிக்கையும் வராது என்பதையும் 19-ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. இந்த வகைக் குற்றங்களை உடனே தெரிவிப்பது மிக மிக முக்கியம் என்று உச்ச நீதிமன்றமும் 2022 நவம்பரில் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியது.

இந்தக் கடமை ஆசிரியைக்கு மட்டும் உரியதன்று. ஆயாவுக்கும் சமையல் செய்பவருக்கும் வேன் ஓட்டுநருக்கும் அதே அளவில் உண்டு. "பெரிய டீச்சர்ட்ட சொல்லிட்டேன், அவுக பாத்துக்குவாக" என்று ஓர் ஆயா என்னிடம் ஒருமுறை நிம்மதியாகச் சொன்னார். அதோடு தன் கடமை முடிந்துவிட்டது என்று அவர் மனதார நம்பினார், அது அப்படி முடிவதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயிற்சிக்கு டீச்சரை அனுப்பிவிட்டு, பள்ளியைப் பார்த்துக்கொள்ள ஆயாவை விட்டுச் செல்வதுதான் நம் பக்கத்து வழக்கம். குழந்தையின் நனைந்த துணியை மாற்றுபவர், கழிவறைக்குக் கூட்டிப் போபவர், மதியம் பாயில் படுக்க வைப்பவர் எல்லாம் ஆயாதான். குழந்தை உடம்பில் ஒரு காயத்தை முதலில் பார்க்கக்கூடியவர் அவர்தான். ஆகவே எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்று கேட்கும் முன், யாருக்கு என்று கேட்டுவிடுங்கள்.

எண்ணை வெளிப்படையாகச் சொல்லும் நாடுகளும் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மையங்களுக்கான சட்டபூர்வ விதிநூல், 2025 செப்டம்பர் முதல், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தே ஆக வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுக்குள் யாருக்கேனும் ஆண்டுதோறும் புத்தாக்கப் பயிற்சி தேவைப்படுமா என்று நிர்வாகம் எண்ணிப் பார்க்கலாம் என்றும் அது சொல்கிறது. அங்கே முதலுதவிச் சான்றிதழுக்கு மூன்று ஆண்டு. ஆனால் அந்த இரண்டு ஆண்டுக் கணக்கை அப்படியே இங்கே எடுத்து வைப்பது சரியாகாது. அங்கு ஒவ்வொரு மையத்திலும் குழந்தைப் பாதுகாப்புக்கென்று பொறுப்பு ஏற்ற ஒருவர் இருக்க வேண்டும், ஐயம் வந்த அன்றே அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். நம் கடற்கரையில் நான்கு சுவருக்குள் ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் மட்டும் இருக்கும் மையங்கள் எத்தனையோ. சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்பதற்கு ஆள் இல்லாதவர்கள் இன்னும் குறுகிய இடைவெளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சியில் எது முதலில் மறக்கிறது என்பதை ஒரு சிறு நிகழ்ச்சி எனக்குக் காட்டியது. மூன்று ஆண்டுக்கு முன் பயிற்சி எடுத்த ஒரு பணியாளரிடம் முதலில் எழுத்துத் தேர்வு போலச் சில கேள்விகள் கொடுத்தேன். குழந்தையைத் தூண்டித் தூண்டிக் கேட்கக் கூடாது, ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்று அழகான கையெழுத்தில் சரியாக எழுதினார். பிறகு நான் நான்கு வயதுக் குழந்தையாக அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு, தலையைக் குனிந்து, "டீச்சர், யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு மாமா சொன்னாக" என்றேன். அவர் கை தானாக வாய்க்குப் போனது. "எந்த மாமா? எப்போ? எங்க வச்சு? அம்மாவுக்குத் தெரியுமா?" என்று ஒரே மூச்சில் நான்கு கேள்வி கேட்டார், நான் பேசாமல் இருக்கவும் என் தோளைப் பிடித்து, "நீ யார்ட்டயும் சொல்லாத, நான் பாத்துக்கிறேன்" என்றார். செய்யக் கூடாது என்று ஐந்து நிமிடத்துக்கு முன் தாமே எழுதிய இரண்டையும் அவர் செய்தார். அவர் அக்கறையில்லாதவர் அல்லர். அந்தக் கிராமத்துக் குழந்தைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்க்கிறவர். பதற்றத்தில் வாய்க்கு வருவது பழகியதுதான், அந்தப் பழக்கம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அன்று மாலைக்குள் அதே காட்சியை ஆறு முறை செய்தோம். ஆறாவது முறை அவர் என் உயரத்துக்குக் குனிந்து, கொஞ்சம் பொறுத்து, "நீ சொன்னது நல்லதுப்பா. உன் மேல தப்பு ஒண்ணுமில்ல. உனக்கு உதவி பண்றவுகட்ட நான் சொல்றேன்" என்று மூன்று வாக்கியத்தோடு நிறுத்தினார். அதற்கு மேல் அந்த நேரத்தில் எதுவும் தேவையில்லை. விசாரிப்பது காவல்துறையின் வேலை. குழந்தை சொன்னதைக் குழந்தையின் சொல்லிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வைப்பது பணியாளரின் வேலை. இந்த மூன்று வாக்கியங்களும் எட்டு மாதம் கழித்து நாக்கில் நிற்கின்றனவா என்று பார்க்காமல் ஒரு சான்றிதழை மட்டும் நம்பி இருக்க முடியாது.

மறதியோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. கற்றுக்கொண்ட செய்தியே பழையதாகிவிடும். 2018-இல் பயிற்சி பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் போக்சோ சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. 2020-இல் பழைய விதிகள் போய்ப் புதியவை வந்தன. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் தொண்டு நிறுவனங்களின் வழியாக நடந்தது மாறி, 2023 முதல் அரசின் கைக்கு வந்து 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கற்பிக்கும் முறையும் மாறியிருக்கிறது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று முன்பு சொல்லிக் கொடுத்தோம். கெட்டது என்றால் வலிக்கும் என்று குழந்தை புரிந்துகொள்வதால், இப்போது பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்கிறோம். உங்கள் ஆசிரியைகளின் 2022 சான்றிதழுக்குப் பிறகும் இவற்றில் சில நடந்திருக்கின்றன.

இனி நம் கரைக்கு உரிய காரணங்கள். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் நான்கு நாள் நாட்டுப்படகும் தொழிலுக்குப் போகும் வழக்கத்தில், தகப்பன் வீட்டில் இருக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். பாம்பன், சின்னப்பாலம் போன்ற ஊர்களில் தாய்மார் நீர்வாட்டம் பார்த்து விடியும் முன்பே தீவுகளுக்குக் கடற்பாசி எடுக்கப் போய்விடுவார்கள். குழந்தையைப் பள்ளியில் விடுவது ஒருவர், கூட்டிப் போவது வேறொருவர். ஊரில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமா, சித்தப்பா, மச்சான். மாலை மூன்றரை மணிக்கு வாசலில் ஒருவர் வந்து நின்று, "நான் இவளுக்குச் சித்தப்பாதான, அனுப்புங்க" என்றால், தெரிந்த முகத்துக்கு இல்லை என்று சொல்ல எந்த ஆயாவுக்கும் நாக்கு வராது. கூட்டிப் போக யார் யாருக்கு அனுமதி என்று தாயிடம் எழுதி வாங்கிய பட்டியல் கதவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருந்தால், "பட்டியல்ல உங்க பேரு இல்லண்ணே, அக்காவுக்கு ஒரு போன் போட்டுக்கிருவோம்" என்று அவரால் மரியாதை கெடாமல் சொல்ல முடியும். அப்படிச் சொல்வதையும் பயிற்சியில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மண்டபம் அகதிகள் முகாமுக்கு 2022 முதல் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் மாமாவும் சித்தப்பாவும் குறைவு. அவர்களுக்கான பட்டியலை இன்னும் கவனமாகத் தயாரிக்க வேண்டும்.

ஆண்டுப் பயிற்சிக்கு எந்த நாளை எடுப்பது என்பதிலும் நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் இந்தத் தடைக்காலத்துக்குள்ளேயே வந்துவிடும். பகலில் பணியாளர்களுக்குப் பயிற்சி வைத்துவிட்டு, அன்று மாலையே பெற்றோர் கூட்டம் வைத்தால், மற்ற மாதங்களில் கையெழுத்துக்குக்கூடக் கிடைக்காத தகப்பன்மார்கள் வந்து உட்காருவார்கள். கூட்டிப் போவோர் பட்டியலையும் அன்றே நிரப்பிவிடலாம். அந்த மாலைக் கூட்டங்களில் பின்வரிசையில் நின்றுகொண்டே இருந்துவிட்டு, கடைசியில் தனியே வந்து நல்ல கேள்வி கேட்ட தகப்பன்மார்களை நான் மறக்கவில்லை.

மாதாந்திர அரை மணி நேரத்தைப் பெரிய ஏற்பாடாக நினைத்துத் தயங்க வேண்டாம். பிள்ளைகள் போன பிறகு ஒரு சூழ்நிலையை எடுத்து நடித்துப் பார்ப்பதுதான். மதியம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை பத்து நாளாகப் பாயில் படுக்க மறுக்கிறது. ஒரு பிள்ளை துணி மாற்றும்போது மட்டும் கத்துகிறது. வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை முன் இருக்கையில் உட்கார மாட்டேன் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் குற்றமற்ற காரணம் இருக்கலாம். வீட்டில் புதிதாகத் தம்பி பிறந்திருக்கலாம், தகப்பனைக் கடலில் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனாலும் எதைக் கவனிப்பது, எங்கே எழுதி வைப்பது, எந்தக் கட்டத்தில் போன் எடுப்பது என்று பேசிப் பழகியிருந்தால், உண்மையில் நடக்கும்போது நாள் வீணாகாது. அங்கன்வாடிகளில் மாதந்தோறும் பல மையங்கள் சேர்ந்து நடத்தும் செக்டார் கூட்டத்திலேயே இதற்கு இருபது நிமிடம் ஒதுக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் டீச்சர்தான் போவார் என்பதால், திரும்பி வந்து உதவியாளரோடு அதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த மாதப் பயிற்சிகளில் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் எடுக்க வேண்டிய கடினமான சூழ்நிலை ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரியவர் ஊரில் செல்வாக்கானவர், படகு உரிமையாளர் அல்லது நெருங்கிய உறவு. "ஊருக்குள்ளயே பேசி முடிச்சுக்குவோம், பிள்ளை பேரு கெட்டுப்போகும்" என்று பெரியவர்கள் பள்ளிக்கே வந்து நிற்கிறார்கள். அவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் வருவார்கள், பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்தடிப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்துத்தான் பதிய வேண்டும், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும், அவர் சீருடையில் வரக் கூடாது, இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் தண்டனைக்குரியது. இதைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்த பணியாளர், "எனக்குத் தெரிஞ்ச பிறகு சொல்லாம இருக்க எனக்கு உரிமை இல்லைங்கய்யா" என்று பணிவாகவும் உறுதியாகவும் பேச முடியும். ஊர்க்கூட்டத்தில் என்ன பேசி முடித்தாலும், தெரிவிக்கும் கடமை அதனால் தீர்ந்துவிடாது.

புத்தாக்கப் பயிற்சியில் நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிட மறுக்கும் பிள்ளையை "நேவிக்காரன் வந்து பிடிச்சிட்டுப் போயிருவான்" என்று மிரட்டும் பேச்சை நம் கரையில் நானே கேட்டிருக்கிறேன். தகப்பன் கடலுக்குப் போயிருக்கும் பிள்ளையின் மனதில் அந்தச் சொல் என்ன செய்யும் என்று சொன்னவர் யோசிக்கவில்லை. அதேபோலப் போலீசைச் சொல்லி மிரட்டப்பட்ட பிள்ளை, பின்னால் போலீசிடம் எப்படிப் பேசும்? அடிப்பது மட்டும் கொடுமையன்று. பொறுப்பில் இருப்பவர் குழந்தைக்கு வேண்டுமென்றே மனவேதனை தருவதும் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவுக்குள் வரக்கூடும். பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட இத்தகைய பேச்சுகள் ஒரு பயிற்சியோடு போவதில்லை, ஆண்டுதோறும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கைப்பேசியில் ஒரு மணி நேரக் காணொலியைப் பார்த்துச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளும் வசதி இப்போது உண்டு. சட்டப் பிரிவுகளை நினைவுபடுத்திக்கொள்ள அது போதும். ஆனால் நான் மேலே சொன்ன மூன்று வாக்கியங்களைக் காணொலி யாருக்கும் பழக்கித் தராது. ஆண்டுப் பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றால் இராமநாதபுரத்திலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் கடிதம் எழுதிக் கேட்கலாம். அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஓர் அதிகாரியைச் சாதாரண உடையில் வரச் சொல்லி அழைத்தால், பணியாளர்களின் பயம் பாதி தீரும். இரண்டு மூன்று சிறு பள்ளிகள் சேர்ந்து ஒரே நாளில் நடத்திக்கொள்வது எல்லோருக்கும் எளிது.

இப்போது உங்கள் பள்ளிக்கு வருகிறேன். ஆசிரியைகளின் 2022 சான்றிதழ் இங்கிலாந்தின் இரண்டு ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் காலம் கடந்தது, ஆகவே அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் முதலில் உட்கார வைக்க வேண்டியவர் ஆயா. ஓராண்டாகக் குழந்தைகளோடு தனியே இருக்கும் அவருக்கு இதுவரை எந்தப் பயிற்சியும் கிடைத்ததாக உங்கள் கேள்வியில் இல்லை. இந்த வாரமே அரைநாள் ஒதுக்கி அவரையும் வேன் ஓட்டுநரையும் அழைத்து உட்காருங்கள், ஆசிரியைகளும் கூட இருக்கட்டும். ஓட்டுநரின் காவல்துறைச் சரிபார்ப்பு எந்த ஆண்டு எடுத்தது என்று அன்றே கோப்பைத் திறந்து பாருங்கள். அதன் பிறகு தடைக்கால வாரத்தில் முழுநாள் பயிற்சி, ஒவ்வொரு மாதக் கடைசி வெள்ளியன்று அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட விடுப்பிலிருந்து ஒருவர் திரும்பினாலோ, சட்டமோ உதவி எண்ணோ மாறினாலோ, பள்ளியில் ஏதேனும் நடந்துவிட்டாலோ, மாதக் கடைசி வரை பார்க்காமல் அன்றே கூடுங்கள்.

ஒரு நீள நோட்டு வாங்கி, தேதி, வந்தவர்கள், எடுத்துக்கொண்ட சூழ்நிலை, கையெழுத்து என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். உண்மையான எந்தக் குழந்தையின் பெயரும் அதில் வரக் கூடாது. 1098, 112, உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தின் எண் ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, அலுவலக அறையில் ஒன்றும், ஆயா பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே ஒன்றுமாக ஒட்டிவிடுங்கள்.